ஏணியின் முதற்படி

'பிளேட்டானிக் காதல்' என்ற சொற்றொடரைக் கேள்விப்படாத கதை வாசகர்கள் இருக்க மாட்டார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் ஒருவர் விரலை ஒருவர் தொடாமல், கல்யாணமும் செய்துகொள்ளாமல், பெருமூச்சு விட்டுக்கொண்டே முந்நூறு பக்கங்களைக் கடத்திவிட்டால் அந்தக் கதைக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். எழுதுகிறவனுக்கும் இது சௌகரியம். கல்யாணம் ஆன பிறகு அவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று எழுத வேண்டிய தொல்லை இல்லை.

பாவம், பிளேட்டோவுக்கு இதில் பங்கு குறைவு. இந்தச் சொல்லை அவர் உண்டாக்கவில்லை. அவர் காலமாகி ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 15-ஆம் நூற்றாண்டில், ஃபிளாரன்ஸ் நகரத்து மார்சீலியோ ஃபிசீனோ என்ற அறிஞர் பிளேட்டோவின் நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்தார். அவர் வழக்குக்குக் கொண்டுவந்த சொல் இது. பிளேட்டோ காதலைப் பற்றிச் சொன்னது நம் பெருமூச்சுக் கதைகளைவிட எவ்வளவோ துணிச்சலானது; கொஞ்சம் பயங்கரமானதுங்கூட.

ஒருவரிடம் நாம் காதல் கொள்கிறபோது உண்மையில் எதைக் காதலிக்கிறோம்? அவரையா? அல்லது அவரிடம் இருக்கிற அழகையும் நற்குணத்தையுமா? அழகையும் குணத்தையுந்தான் என்றால், அவற்றை இன்னும் கூடுதலாகப் பெற்ற வேறொருவர் எதிரே வந்ததும் நம் அன்பு அங்கே தாவிவிடத்தானே வேண்டும்? குணத்தை அல்ல, அவரையே என்றால், குணமும் அழகும் போக மீதி நிற்கிற அந்த 'அவர்' யார்? தத்துவ ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை வகுப்பறையில் பேசிவிட்டு மணியடித்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். கதை எழுதுகிறவனுக்கு அது முடியாது. ஊரில் ஆயிரம் பெண்கள் இருக்க இவன் ஏன் இந்தப் பெண்ணுக்காக ஏங்கினான் என்பதுதான் அவனுடைய தொழிலே. அதற்கு விடை இல்லை என்றால் அவன் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

இந்தக் கேள்வியை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் பிளேட்டோ ஒரு விருந்தில் வைத்துப் பேசினார். 'சிம்போசியம்' என்று அந்த நூலுக்குப் பெயர். கூடிக் குடிப்பது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இன்று பேராசிரியர்கள் காபி குடித்துக்கொண்டு கட்டுரை வாசிக்கும் கூட்டங்களுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறோம்.

விருந்து நடந்தது ஏதென்ஸ் நகரில், கி.மு. 416-இல். அகதான் என்ற இளம் நாடகாசிரியர் தம் முதல் சோக நாடகத்துக்கே பரிசு பெற்றுவிட்டார். அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். முதல் நாள் குடித்த மயக்கமே இன்னும் பலருக்குத் தெளியவில்லை. ஆகையால் இன்று அளவோடு குடிப்பது, குழல் வாசிக்க வந்த பெண்ணை அனுப்பிவிடுவது, எரோஸ் என்கிற காதல் தேவனைப் புகழ்ந்து ஆளுக்கு ஒரு பிரசங்கம் செய்வது என்று தீர்மானிக்கிறார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபையில் காதல் என்று அவர்கள் பேசுவது பெரும்பாலும் ஆண்கள் வாலிபர்கள்மீது கொண்ட காதலை. ஏதென்ஸின் உயர்குடியில் அது வெளிப்படையான வழக்கமாக இருந்தது. அங்கே கல்யாணம் என்பது பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் பேசி முடிக்கிற ஏற்பாடு. குடும்பப் பெண்களுக்கு இந்த மாதிரி விருந்துகளில் இடம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரப்போகிற ஒரு வேடிக்கை நன்றாக விளங்கும்.

பேச்சாளர்களில் அரிஸ்டாஃபனீஸும் ஒருவர். சாக்ரடீஸையே மேடையில் ஏற்றிக் கேலி செய்த நகைச்சுவை நாடகாசிரியர். அவருடைய முறை வந்தபோது விக்கல் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த வைத்தியர், மூச்சை அடக்கு, தண்ணீரைக் கொப்புளி, அதற்கும் நிற்காவிட்டால் மூக்கைச் சீண்டித் தும்மிப் பார் என்று வைத்தியம் சொல்லிவிட்டு, அவருக்குப் பதிலாகத் தாம் எழுந்து பேசிவிட்டார். விக்கல் நின்றபின் அரிஸ்டாஃபனீஸ் சொன்ன கதை உலகப் பிரசித்தம்.

ஆதியில் மனிதர்கள் உருண்டையாக இருந்தார்களாம். நான்கு கை, நான்கு கால், ஒரே தலையில் இரண்டு முகம். ஆணும் ஆணும் சேர்ந்த உருண்டை, பெண்ணும் பெண்ணும் சேர்ந்தது, ஆணும் பெண்ணும் சேர்ந்தது என்று மூன்று வகை. அவர்களுக்குத் திமிர் ஏறித் தேவர்கள்மேல் படையெடுக்கத் துணிந்தபோது, ஸீயஸ் என்ற தேவராஜன் ஒவ்வொருவரையும் இரண்டாகப் பிளந்துவிட்டான். வெட்டிய தோலை இழுத்து முடிச்சுப் போட்ட இடந்தான் தொப்புள். அன்று முதல் ஒவ்வொரு பாதியும் தன் மறு பாதியைத் தேடி அலைகிறது. அந்தத் தேட்டத்துக்குத்தான் காதல் என்று பெயர்.

சிரிப்புக் கதைதான், ஆனால் சிரித்து முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. நம் கேள்விக்கு அரிஸ்டாஃபனீஸ் ஒரு விடை கொடுத்துவிட்டார். இவள்தான் வேண்டும் என்று ஒருவன் ஏங்குவதற்கு அவளுடைய அழகு காரணம் அல்ல, குணமும் காரணம் அல்ல; அவள் அவனுடைய பாதி, அவ்வளவுதான். உலகத்தில் எழுதப்பட்ட காதல் கதைகளில் பாதிக்குமேல் இந்த உருண்டையிலிருந்துதான் பிறந்திருக்கின்றன.

பின்னர் சாக்ரடீஸ் பேசுகிறார். காதல் இன்னதென்று தமக்குச் சொல்லிக் கொடுத்தவர் மாந்தினேயா ஊரைச் சேர்ந்த டியோடிமா என்ற அம்மையார் என்கிறார். முன்னே சொன்ன வேடிக்கை இதுதான். குழல் வாசிக்க வந்த பெண்ணைக்கூட வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட சபையில், எல்லாவற்றிலும் உயர்ந்த வார்த்தை ஒரு பெண்ணின் வாக்காக வந்து சேருகிறது.

எரோஸ் தேவனே அல்ல என்கிறார் டியோடிமா. தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவே போக்குவரத்து நடத்தும் ஒரு சக்தி அது. வறுமை தாய், சாமர்த்தியம் தந்தை. வறுமை என்பவள் தேவர்கள் வீட்டு விருந்தில் வாசலில் பிச்சைக்கு வந்து நின்று, மயங்கிக் கிடந்த சாமர்த்தியனோடு சேர்ந்து பெற்ற பிள்ளை. ஆகையால் எரோஸ் காலில் செருப்பில்லாமல், வீடு வாசல் இல்லாமல், கண்ட வாசற்படியில் படுத்து உறங்குகிறவன். ஆனால் அழகானதை அடைய ஓயாமல் உபாயம் தேடுகிறவன். காதலுக்கு எப்போதும் கை காலிதான். இருப்பதை யாரும் விரும்புவதில்லை, இல்லாததைத்தான் விரும்புகிறோம். செருப்பில்லாமல் தெருவெல்லாம் அறிவைத் தேடி அலைந்த சாக்ரடீஸின் ஜாடை இந்தப் பிள்ளைக்கு இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இதற்கு மேல்தான் அந்தப் புகழ்பெற்ற ஏணி வருகிறது. முதலில் ஒருவன் ஓர் அழகிய உடலிடம் காதல் கொள்கிறான். பிறகு, இந்த உடலில் உள்ள அழகும் மற்ற உடல்களில் உள்ள அழகும் ஒன்றுதானே என்று உணர்கிறான். அடுத்தபடி, உடலைவிட உள்ளத்தின் அழகு மேலானது என்று காண்கிறான். அப்புறம் நல்ல பழக்கங்களின் அழகு, சட்டங்களின் அழகு, கல்வியின் அழகு. கடைசியில், பிறப்பும் இறப்பும் வளர்ச்சியும் தேய்வும் இல்லாத அழகு என்ற ஒன்றையே நேருக்கு நேராகக் கண்டுவிடுகிறான். அதைக் கண்டவன்தான் உண்மையான நன்மையைப் பெற்றெடுக்க வல்லவன். பிள்ளை பெறுவதைப்போல, கவிதையும் சட்டமும் நற்செயலும்கூடக் காதலின் குழந்தைகள் என்கிறார் அந்த அம்மையார்.

இதன் உயர்வை யார் மறுக்க முடியும்? ஒரே இடத்தில் தேங்கிப்போன ஆசை எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது! ஒரு முகத்தைப் பார்த்து விழித்துக்கொண்ட கண், உலகத்தில் உள்ள நல்லதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டால் அது எவ்வளவு பெரிய பேறு!

ஆனாலும் எனக்கு ஒரு சங்கடம். ஏணியில் ஏறுகிறவன் மேலே போய்விட்டான். முதற்படியாகக் கிடந்தாரே ஒருவர், அவர் கதி என்ன? அந்த முதல் முகத்துக்கும் ஒரு நெஞ்சு இருந்திருக்குமே! 'உன்னிடம் நான் கண்டது உன்னை அல்ல, அழகின் ஒரு துளியை; இப்போது கடலைக் கண்டுவிட்டேன், போய் வருகிறேன்' என்று சொன்னால் அந்த நெஞ்சு என்ன பாடுபடும்?

என் நண்பர் ஒருவருக்கு முப்பது வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகு மனைவி காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் படித்தவர்கள் அதிகம். 'ஒருவரிடம் வைத்த அன்பை எல்லாரிடமும் வையுங்கள். உலகமே குடும்பம் என்று எண்ணினால் துயரம் கரைந்துவிடும்' என்று அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். டியோடிமாவைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவருடைய ஏணியைத்தான் கொண்டுவந்து சாத்தினார்கள். நண்பர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எல்லாரும் போனபிறகு என்னிடம் சொன்னார்: "நல்லதைத்தான் சொல்கிறார்கள். ஆனால், மோருக்கு உப்புப் போதுமா என்று அவள் கேட்பாள். உலகம் வந்து அதைக் கேட்குமா, ஐயா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் பிளேட்டோவை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அப்போதுதான் அந்த நூல் ஏணியின் உச்சியில் முடிந்துவிடவில்லை என்பதன் பொருள் எனக்கு விளங்கியது.

சாக்ரடீஸ் பேசி முடித்ததும் எல்லாரும் புகழ்கிறார்கள். அந்த நேரத்தில் வெளிக் கதவு தடதடவென்று இடிபடுகிறது. குடித்துவிட்டு ஒருவன், குழல்காரப் பெண் தாங்கிப் பிடிக்க, தலையில் கொடியும் பூவும் சுற்றிக்கொண்டு தள்ளாடி உள்ளே வருகிறான். அவன்தான் அல்சிபியாடீஸ். ஏதென்ஸ் நகரத்தின் அழகன், செல்வன், சேனாதிபதி, ஊரின் செல்லப் பிள்ளை. எரோஸைப் புகழச் சொன்னால் அவன் மறுத்துவிடுகிறான். சாக்ரடீஸைப் பற்றி மட்டுந்தான் பேசுவேன் என்கிறான்.

எல்லாரும் காதல் என்ற பொருளைப் பற்றிப் பேசிய சபையில் அவன் ஒருவன்தான் ஓர் ஆளைப் பற்றிப் பேசுகிறான். சாக்ரடீஸின் முழி, சிற்பக் கடைகளில் விற்கும் அவலட்சணமான பொம்மை போன்ற உருவம், அந்தப் பொம்மையைத் திறந்தால் உள்ளே இருக்கும் தெய்வச் சிலைகள்! பொடிடேயா யுத்தகளத்தில் ஏதோ யோசனையில் ஒரு விடியலிலிருந்து மறு விடியல்வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றது, காயம்பட்டுக் கிடந்த தன்னை விட்டுப் போகாமல் காப்பாற்றியது, டீலியத்தில் படை சிதறி ஓடியபோது அவர் நிதானமாக நடந்து வந்தது - எல்லாவற்றையும் சொல்கிறான். தன் அழகைக் காட்டி அவரை மயக்கப் பார்த்து, ஓர் இரவு முழுதும் அவர் பக்கத்தில் படுத்திருந்தும், ஒரு தகப்பனாரோடு படுத்து எழுந்ததுபோலத்தான் எழுந்தேன் என்று தன் வெட்கத்தையும் போட்டு உடைக்கிறான். சில சமயம் இவர் உயிரோடு இல்லாமல் போனால் நிம்மதி என்று தோன்றுகிறது. அப்படி ஆனால் இன்னும் அதிகமாகத் துக்கப்படுவேன் என்றும் தெரிகிறது என்கிறான். காதலித்த எவருக்கும் இந்த வார்த்தையின் உண்மை தெரியும்.

நம் கேள்விக்கு நேராக வந்து மோதும் ஒன்றையும் அவன் சொல்கிறான். உலகத்தில் யாருக்கும் ஓர் ஒப்பு உண்டு. வீரன் அக்கிலீஸைப் போன்றவன் பிரசிதாஸ், சொல்வன்மையில் நெஸ்டரைப் போன்றவர் பெரிக்கிளீஸ். ஆனால் இந்த மனிதரைப் போல முன்னும் ஒருவர் இல்லை, இப்போதும் இல்லை என்கிறான். ஏணியின் ஒவ்வொரு படியிலும் 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். குடிகாரன் ஒருவன் வந்து, 'இவரைப் போல் வேறு யாரும் இல்லை' என்று ஒரே வார்த்தையில் அந்த ஏணியை ஆட்டிவிடுகிறான்.

அல்சிபியாடீஸின் முடிவு தெரிந்துதான் பிளேட்டோ எழுதினார். மறு ஆண்டு, கி.மு. 415-இல், அவன் தூண்டிவிட்டு ஏதென்ஸ் சிசிலித் தீவின்மேல் படையெடுத்து அழிவைத் தேடிக்கொண்டது. அவன் எதிரிகளிடம் ஓடினான், திரும்பினான், மறுபடியும் விரட்டப்பட்டான், கி.மு. 404-இல் அந்நிய மண்ணில் கொலையுண்டான். ஐந்து ஆண்டுகள் கழித்துச் சாக்ரடீஸ் விஷம் குடித்தார். இப்படிப்பட்டவர்களுடைய குருவாக இருந்தார் என்பது சாக்ரடீஸின்மேல் ஊராருக்கு இருந்த கோபங்களில் ஒன்று. ஒரு மனிதரையே பற்றிக்கொண்டு, அவர் காட்டிய வழியில் ஏறாமல் நின்றுவிட்டவனின் கதி இது என்று பிளேட்டோ எச்சரிக்கிறார் என்பது அறிஞர் சிலரின் கட்சி. இருக்கலாம். ஆனால் எச்சரிக்கை செய்ய வந்தவர் அந்தப் பேச்சுக்கு இத்தனை உயிரைக் கொடுப்பானேன்? பிளேட்டோ வாலிபத்தில் சோக நாடகம் எழுதியவர் என்றும், சாக்ரடீஸின் பேச்சைக் கேட்டபின் அவற்றைத் தீயிலிட்டார் என்றும் ஒரு பழங்கதை உண்டு. தம் இலட்சிய நாட்டிலிருந்து கவிகளை வெளியேற்றச் சொன்னவரும் அவரே. அவருக்குள் இருந்த கதாசிரியர் தீயில் வெந்துவிடவில்லை. தத்துவ ஆசிரியர் ஏணியைக் கட்டி முடித்ததும், கதாசிரியர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவரும் சாக்ரடீஸ் என்ற ஒரே மனிதரை நேசித்தவர்தானே? அவர் இறந்தபின் பல பத்தாண்டுகள் அவரையே பேசவைத்து நூல் நூலாக எழுதிக்கொண்டிருந்தவர் அல்லவா? ஏணியின் உச்சிவரை போனவரும் முதற்படியில் நின்ற முகத்தை மறக்கவில்லை.

பிளேட்டோவின் பள்ளியில் இருபது வருஷம் இருந்த அரிஸ்டாட்டில் வேறு பக்கத்திலிருந்து இதே கேள்விக்கு வருகிறார். ஏங்கித் தவிக்கும் எரோஸைப்பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய சொல் 'ஃபிலியா'. நட்பு என்று மொழிபெயர்ப்பார்கள். தாய்-பிள்ளை பாசமும் கணவன்-மனைவி அன்பும் அதில் அடக்கம். பத்துப் பகுதிகள் கொண்ட தம் 'நிக்கோமாக்கிய அறநூ'லில் இரண்டு பகுதிகளை அவர் இதற்கே ஒதுக்கினார்.

சிலர் பயன் கருதிப் பழகுகிறார்கள். சிலர் இன்பம் கருதி. பயனும் இன்பமும் தீர்ந்ததும் பழக்கமும் தீர்ந்துவிடும். மூன்றாவது வகை அபூர்வம். அங்கே ஒருவர் மற்றவருக்கு நன்மையை விரும்புவது அந்த மற்றவருக்காகவே. இதற்குக் காலம் பிடிக்கும். இருவரும் சேர்ந்து படிக்கணக்கில் உப்புத் தின்றாலொழிய ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியை அவர் எடுத்துக் காட்டுகிறார். உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது அந்நியமான பேச்சே அல்ல. பிளேட்டோவின் காதல் ஒரு பார்வையில் தொடங்கி மேலே மேலே பறக்கிறது. அரிஸ்டாட்டிலின் அன்பு கீழேயே இருந்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து, உப்புக் கரைவதுபோல மெல்லக் கரைந்து கலக்கிறது. என் நண்பர் இழந்ததும் அதைத்தானே?

அன்பு என்பது பெறுவதைவிடக் கொடுப்பதில்தான் இருக்கிறது என்பதற்கு அரிஸ்டாட்டில் தாய்மாரைச் சாட்சிக்கு அழைக்கிறார். சில தாய்மார் பெற்ற பிள்ளையை வேறொருத்தியிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தாய் யாரென்றே தெரியாது. பதிலன்புக்கு வழியே இல்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்று அறிந்தாலே அவளுக்குப் போதும். அவளுக்கு வேண்டியது அழகின் ஒரு துளி அல்ல. அந்த ஒரு பிள்ளை.

அரிஸ்டாட்டிலைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் என்று சொல்லவில்லை. கணவனும் மனைவியும் பிள்ளை பெறுவதற்கு மட்டும் சேர்ந்து வாழவில்லை, வாழ்க்கை முழுவதையும் பகிர்ந்துகொள்ளச் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுதிய அதே கை, கணவன் ஆள்கிறவன், மனைவி ஆளப்படுகிறவள் என்றும் எழுதியிருக்கிறது. அறிவில் அவ்வளவு உயரம் போனவர், இந்த இடத்தில் தம் ஊராரோடு நின்றுவிட்டார்.

ஆனால் அவர் எழுதியவற்றில் என்னை மிகவும் உருக்கியது தத்துவ நூல் அல்ல; அவருடைய உயில். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த டயோஜெனீஸ் லயேர்டியஸ் என்பவர் தத்துவ ஆசிரியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியபோது அந்த உயிலையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார். அலெக்சாண்டர் மாண்டதும் ஏதென்ஸ் தமக்கு எதிராகத் திரும்பவே, அரிஸ்டாட்டில் தாயார் வழிச் சொத்து இருந்த கால்கிஸ் நகருக்குப் போய், கி.மு. 322-இல் அங்கேயே கண்ணை மூடினார். உயிலில் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்கிறார். பிற்காலத்தில் தம்மோடு வாழ்ந்த ஹெர்பில்லிஸ் என்ற பெண்ணுக்கு, அவள் தம்மிடம் அன்பாக இருந்ததை நினைத்து, பணமும் ஆட்களும் அவள் விரும்பும் ஊரில் வீடும் தரச் சொல்கிறார். வீட்டுக்கு வேண்டிய சாமான்களைக்கூட மறக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு பெயர் வருகிறது. பித்தியாஸ். எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால் இறந்துபோன அவருடைய மனைவி. தம்மை எங்கே அடக்கம் செய்கிறார்களோ, அங்கே அவளுடைய எலும்புகளையும் எடுத்துவந்து வைக்க வேண்டும் என்று எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: அவளே அப்படிக் கேட்டுக்கொண்டாளாம்.

உலகத்துப் பொருள்களையெல்லாம் இனம் இனமாகப் பிரித்து வகைப்படுத்திய அறிஞர் அவர். எலும்பு எதற்குச் சமானம் என்று அவருக்குத் தெரியாதா? அதில் அழகும் இல்லை, குணமும் இல்லை, அறிவும் இல்லை. அது பித்தியாஸினுடையது, அவள் கேட்டாள், அவர் மறக்கவில்லை.